நெஞ்சுக்கறி மென்மையாவது எவ்வாறு?



கிறித்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்ல இயலாமல் மைசூரிலேயே தங்கிவிடும் மாணவர் உண்டு. அவர்கள் எட்டுப் பேர் கூடி ஒரு விருந்து சமைப்பதாகக் கொள்வோம். கையிலிருப்பது சிறு தொகை. கறி கெட்டால் மறுபடி வாங்க வழியில்லை. ஆகவே, முரட்டுக் கறி எனப் பெயர் பெற்ற நெஞ்சுக்கறியை மென்மையாக்கும் முறையை அதன் காரணத்தோடு சேர்த்து இங்கே ஆராய்வோம்.

முதலில் எந்தக் கறி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கர்நாடகத்தில் 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பசு, எருது, காளை ஆகியவற்றை அறுக்கலாகாது. 13 வயது கடந்த எருமைக்கே, உரிய சான்றுடன் இசைவு உண்டு. எனவே நாம் சமைக்கப்போவது முதிர்ந்த விலங்கின் கறி. இதை மனத்தில் இருத்துக.

மாட்டினத்துக்குக் காறையெலும்பு கிடையாது. உடலின் முன்பாரத்தை நெஞ்சுத் தசைகளே தாங்குகின்றன. ஓயாது உழைக்கும் அத்தசைகளில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் மிகுதி. வயது ஏற ஏற அதன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைகின்றன. நாம் முரடு என்று சொல்வது பெரும்பாலும் இதனையே.

சூடு ஏறும்போது நிகழ்வதென்ன? 60 பாகையை ஒட்டிக் கொலாஜன் சுருங்கித் தசை நார்களை நெருக்குகிறது, சாறு வெளியேறுகிறது, கறி முன்னிலும் விறைக்கிறது. 70 பாகைக்கு மேல் அதே கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஊன்பசையாகிறது. இந்த மாற்றத்துக்கு வேண்டியது ஈரமும் நேரமும். நெருப்பைக் கூட்டினால் வெளிப்புறம் வறளுமேயன்றி உட்புறம் விரைவில் இளகாது. ஒன்றரை மணி நேரத்தில் திறந்து பார்ப்பவர் கறியின் மிகக் கெட்ட நிலையையே காண்கிறார். "இது வேகாத கறி" என்று கைவிடுகிறார். உண்மையில் அது பாதி வழி வந்திருக்கிறது.

இனி நான் கையாளும் முறை. 2 கிலோ நெஞ்சுக்கறியை ஒரே துண்டாக வாங்கி, 30 கிராம் உப்பும் மிளகுத்தூளும் தடவி, முதல் நாளிரவே குளிர்பெட்டியில் வைக்கிறேன். மறுநாள் கனத்த சட்டியில் எண்ணெய் காயவிட்டு நாற்புறமும் சிவக்க வறுத்தெடுக்கிறேன். அதே சட்டியில் 4 பெரிய வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, 3 தக்காளி வதக்கிக் கறியை மேலே வைத்து, அதன் உயரத்தில் மூன்றிலொரு பங்கு வெந்நீர் ஊற்றுகிறேன். தம் பிரியாணிக்குச் செய்வதுபோல் மூடியின் விளிம்பை மாவு கொண்டு அடைத்து, 150 பாகைச் சூட்டில் ஓவனில் வைக்கிறேன். நான்கு மணி நேரம் திறப்பதில்லை. பிறகு முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் எளிதில் திரும்ப வேண்டும். இல்லையேல் மீண்டும் மூடி இன்னும் ஒரு மணி நேரம்.

ஓவன் இல்லாதார் மிகச் சிறு தீயில் அடுப்பின்மேலேயே இதைச் செய்யலாம்; நீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்க. மைசூர் கடல்மட்டத்துக்கு 750 மீட்டருக்கும் மேலே இருப்பதால், இங்கு நீர் 97 பாகையளவிலேயே கொதிக்கிறது. சென்னையில் ஆகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்குக. எருமைக்கறி உண்ணாதார்க்கு முதிர்ந்த ஆட்டின் நெஞ்சுக்கறியும் இவ்வாறே இளகும். அதற்கு இரண்டரை மணி நேரம் போதும்.

விருந்து 25-ஆம் நாள் என்றால் 24-ஆம் நாளே சமைத்துவிடுவது நன்று. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை நீக்கி, நாரின் போக்குக்குக் குறுக்காக வெட்டி, குழம்பிலேயே கொதிக்கச் சூடாக்குக. நெடுக வெட்டினால் நீண்ட நார் பல்லில் சிக்கும்; குறுக்கே வெட்டினால் நார் குறுகி, மெல்ல எளிதாகும்.

பாதியில் விறைத்த கறியைக் கண்டு அஞ்சாதீர், தீயைக் கூட்டாதீர். மூடியை மூடிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள். எட்டு இலைக்கும் கறி வரும்.