பைல் எவ்வளவு தாங்கும்? மண்ணைக் கேட்டுப் போடும் கணக்கு

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' நடத்தும்போது ஆணி, ஒட்டகத்தின் பாதம் என்ற எடுத்துக்காட்டுகளோடு நாம் நிறுத்திவிடுகிறோம். ராயபுரம், திருவொற்றியூர் மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு சாலையிலேயே நிற்கிறது. 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட விம்கோ நகர் மெட்ரோ பாதை, டோல்கேட், காலடிப்பேட்டை பகுதிகளில் தூண்கள்மேல் செல்கிறது. கடலோர மணல், இடையிடையே களிமண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். இப்படிப்பட்ட மண்ணில் கனமான கட்டுமானம் எப்படி நிற்கிறது?

பைல் இறக்குவதுதான் வழக்கமான வழி. அது சுமையை இரண்டு விதமாகத் தாங்கும். அடிமுனை கெட்டி மண்ணில் ஊன்றி நிற்கும்; பக்கங்களை மண்ணின் உராய்வு பிடித்துக்கொள்ளும்.

மண்ணின் கெட்டியை அது இருக்கும் இடத்திலேயே அளக்க ஒரு சோதனை உண்டு. துளையிட்டு, அதன் அடியில் ஒரு குழாயை வைத்து, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். குழாய் 45 செ.மீ. இறங்க வேண்டும். முதல் 15 செ.மீ. துளையிட்டதில் கலைந்த மண்; அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளே 'அடி எண்'. களத்தில் 'என் வேல்யூ' என்பார்கள். ஓர் அடியின் ஆற்றல் எவ்வளவு? 63.5 × 9.8 × 0.75, ஏறத்தாழ 467 ஜூல். ஒன்பதாம் வகுப்பு மாணவரே போட்டுவிடுவார்.

மேயர்ஹாஃப் என்ற பொறியாளரின் வாய்பாடு மணலில் அடித்து இறக்கும் பைலுக்கானது. 30 செ.மீ. சதுரப் பைல், நீளம் 10 மீட்டர் என்போம். முனை கெட்டி மணலுக்குள் 3 மீட்டராவது புகுந்திருக்க வேண்டும். முனையில் அடி எண் 20, பக்கங்களில் சராசரி 10.

முனை: 400 × 20 × 0.09 = 720 கிலோநியூட்டன்.
பக்கம்: 2 × 10 × 12 = 240 கிலோநியூட்டன்.

மொத்தம் 960. அப்படியே ஏற்றிவிடக் கூடாது. பாதுகாப்புக்காக 4ஆல் வகுத்தால் 240, அதாவது சுமார் 24 டன். இந்த வகுத்தலை மாணவர்கள் வீண் என்பார்கள். அங்கேதான் சற்று நிற்க வேண்டும். பத்தடி தள்ளித் துளையிட்டால் எண் மாறலாம். களிமண்ணில் இந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. துளையிட்டுக் காங்கிரீட் ஊற்றும் பைலுக்கு முனைத் தாங்குதிறன் வெகுவாகக் குறையும். ஆகவே இது மதிப்பீடுதான். பைல்மீது உண்மையிலேயே சுமை ஏற்றிப் பார்த்த பிறகே உறுதி செய்வார்கள். மண் பரிசோதனைச் செலவை மிச்சம் பிடிக்கும் வீடுகளில், பின்னால் சுவர் விரிசலுக்குச் செலவாகிறது.

வகுப்பில் செய்ய ஒரு வாளி மணல், ஒரு கம்பி, ஒரு கிலோ எடைக்கல் போதும். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி 5 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணட்டும். பிறகு மணலைத் தட்டி இறுக்கி மறுபடி எண்ணட்டும். கம்பியை விரலால் பிடிக்க விடாதீர்கள், ஒரு பி.வி.சி. குழாய்க்குள் நிறுத்துங்கள்.