இழைத்துணி ஒட்டிய கான்கிரீட்டும் வெப்பமும்

கடற்காற்றும் உவர்நீரும் கான்கிரீட்டுக்குப் பகை என்பதை அத்திப்பட்டு மக்கள் நன்கறிவர். உப்பு உட்புகுந்தால் கம்பி துருவேறிப் பருக்கும். கான்கிரீட் வெடித்து உதிரும். நலிந்த உத்தரத்தை இடித்துக் கட்டாமல், துருவை நீக்கிப் பழுதுபார்த்த பின், கரியிழை அல்லது கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பசையால் ஒட்டி வலுப்படுத்தும் முறை இன்று கையாளப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் நகரை அடுத்த இபாக் பாலம் 1991-ஆம் ஆண்டிலேயே கரியிழைத் தகடுகளால் வலுப்படுத்தப்பட்டது. இம்முறை நன்றே, ஆயினும் வெப்பத்தில் அதற்குள்ள குறையை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

பலவீனம் எங்கே?

அரக்கிட்டு இறுக்கிய அரிவாளை அனலில் காட்டினால் இரும்பு உருகுவதில்லை; பிடிதான் கழன்று விடுகிறது. இங்கும் அவ்வாறே. இழை சில நூறு டிகிரி வெப்பத்தையும் தாங்கும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபாக்சிப் பசை, பொதுவாக 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். பசை இளகினால், உத்தரத்தின் பளு இழைக்குச் சென்று சேராது. வெளிப்பார்வைக்குத் துணி ஒட்டியபடியே தோன்றலாம், பிடிப்போ போயிருக்கும். அபாயம் இதிலேதான் உள்ளது.

சித்திரை வெயிலில் கரிய பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிட மிகுதியாகச் சூடேறும். ஆகவே, பசை இளகும் அளவுக்குக் குறைந்தது 15 டிகிரி கீழேயே கட்டுமானத்தின் அன்றாட வெப்பம் இருத்தல் வேண்டும் என்பது பொறியாளர் பின்பற்றும் விதி. தீயின் வெப்பமோ பல நூறு டிகிரி.

பஞ்சாயத்து கவனிக்க வேண்டியவை

1. பசை எத்தனை டிகிரியில் இளகும் என்பதை ஒப்பந்தக்காரரிடம் எழுத்து மூலம் பெறுக.

2. தீயில் துணி முழுதும் கழன்றாலும், கட்டடம் தன் பளுவையும் அன்றாடப் பளுவையும் தாங்குமா எனப் பொறியாளரைக் கணக்கிட்டுக் காட்டச் செய்க. தாங்காதெனில் இம்முறையை ஏற்கலாகாது.

3. வெயில்படும் இடத்தில் வெளிர்நிற மேற்பூச்சு இடுக. சத்துணவுச் சமையற்கூடம் போன்ற இடங்களில் தீக்காப்புப் பூச்சு தேவை. சாதாரண வர்ணம் தீயைத் தடுக்காது.

4. இழைத்துணி ஒட்டிய சிறுபாலத்தின் அடியிலும் குடிநீர்த் தொட்டியின் தூண் அருகிலும் குப்பையோ வைக்கோலோ எரிக்க இடங்கொடாதீர்.

5. தீ பட்டுவிட்டால், உடனே பயன்பாட்டை நிறுத்திப் பொறியாளரை அழைத்திடுக. சிறு சுத்தியால் தட்டும்போது பொள்ளென ஒலிக்கும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கும். ஒலி நன்றாயிருப்பது மட்டும் போதிய சான்றாகாது. சோதிக்கு முன் வர்ணம் பூசி மறைத்தல் பெருந்தவறு.

பொதுப்பணத்தால் செய்யும் பழுதுபார்ப்பு, கண்ணுக்கு அழகாயிருந்தால் போதாது. அக்கூரையின்கீழ் அமர்வோர் நம் பிள்ளைகள். எனவே, கையெழுத்திடுமுன் இவ்வினாக்களைக் கேட்பது உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.