மனநல மருந்து மாறும்போது

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ உட்கொள்ளும் மாத்திரையை மாற்றும் மருத்துவர், பல வேளைகளில் பழையதன் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே புதியதைச் சிறிய அளவில் தொடங்குவார் என்பதால், சில நாட்கள் இரண்டையும் சேர்த்து உட்கொள்ளச் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. பராக்ஸிடின் போன்று உடலிலிருந்து விரைவில் வெளியேறும் மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுரீர் உணர்வு ஆகியவை சில நாட்களுக்குள் தோன்றலாம். நிறுத்தல் அறிகுறிகள் எனப்படும் இவற்றை நோய் திரும்பிவிட்டதாகவே எண்ணிப் பலர் கலங்குகின்றனர். ஆனால் நோய் மீள்வது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல நிகழ்வதாகையால், மருந்து மாறிய நாளையும் அறிகுறி தொடங்கிய நாளையும் நாட்காட்டியில் குறித்துவைத்தால் மருத்துவர் இரண்டையும் பிரித்தறிவது எளிதாகும். புதிய மருந்தின் பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே தலைகாட்ட, பலன் தெரியவோ 2 முதல் 4 வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அச்சம் மிகுவது இந்த இடைவெளியில்தான்.

கடைக்காரர் வேறு வணிகப்பெயருள்ள அட்டையைத் தந்தால், அதில் அச்சிட்டுள்ள மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் பழையபடியே உள்ளனவா என்று பார்ப்பது நல்லது. அவை மாறாதிருக்க, அட்டையின் நிறத்தைக் கண்டே மிரள்வோர் (வீணான பீதி இது) உண்டு. தற்கொலை எண்ணமோ, உறக்கமே இல்லாத கட்டுக்கடங்காப் பரபரப்போ தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். இந்திய அரசின் இலவச மனநல உதவி எண்ணாகிய 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது.