வீடியோ கேம் உடையும் வீட்டுத் தையலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீடியோ கேம் பாத்திரம் ஒன்றின் உடையை வீட்டில் தைக்க, திரையில் தெரிவதை அப்படியே துணியில் வரைந்து வெட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். திரையில் இருப்பதோ உடை போல வண்ணம் தீட்டிய ஒரு மேற்பரப்பு மட்டுமே. அதற்கு மூட்டுத் தையல் கிடையாது, ஜிப் கிடையாது, பல உடைகளில் தலையை நுழைக்க வழிகூடக் கிடையாது. பாத்திரம் கையை உயர்த்தும்போது தோள்கவசம் கழுத்துக்குள்ளேயே ஊடுருவிப் போனாலும் ஆட்டம் நிற்பதில்லை. மனிதர் அணியும் உடையில் எங்கே மூட்டுவது, எந்த வழியாகப் போட்டுக் கழற்றுவது என்பதைத் தைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வேலையில் மூளைக்கு அதிக வேலை வைக்கும் பகுதி இதுதான்.

எடுத்துக்காட்டாக லிங்க்கின் உடையைப் பார்க்கலாம். நிண்டெண்டோவின் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ வரிசை 1986-இல் தொடங்கியது. அதன் நாயகன் லிங்க் நெடுங்காலம் பச்சை அங்கியும் நீண்ட தொப்பியுமாகவே அறியப்பட்டவன். 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ ஆட்டத்தில் அவனுக்கு ஒரு வெளிர்நீல அங்கி கிடைக்கிறது. மார்பில் வெள்ளை நூல்வேலை, உள்ளே இன்னொரு சட்டை, குறுக்கே தோல்பட்டை, முதுகில் வாளும் கேடயமும். முதன்முதலாக இந்த வேலையில் இறங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான உடை கிடைப்பது அரிது. பட்டைகளையும் ஆயுதங்களையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒரு குர்தா.

மாதிரிப் படங்கள் கிடைக்காது, எல்லாவற்றையும் ஊகித்துத்தான் செய்ய வேண்டும் என்பதும் முழு உண்மையல்ல. ‘ஓவர்வாட்ச்’, ‘ஹொரைசன் சீரோ டான்’, ‘சைபர்பங்க் 2077’ போன்ற ஆட்டங்களுக்கு, உடை செய்பவர்களுக்காகவே பாத்திரங்களின் தோற்றத்தையும் நுணுக்கங்களையும் காட்டும் கையேடுகளை அவற்றின் நிறுவனங்களே வெளியிட்டுள்ளன.

அடுத்தது அளவு பற்றியது. உடலை அளந்து, அதே அளவுக்கு வெட்டினால் உடை கச்சிதமாக அமையும் என்ற எண்ணம் நிறையத் துணியை வீணாக்கியிருக்கிறது. மார்பளவு 86 செ.மீ. உள்ள ஒருவருக்கு, உள்சட்டையின் மேல் அணியும் அங்கி தைத்து முடித்த பிறகு 96 செ.மீ.க்காவது இருக்க வேண்டும். தையலுக்கு விடும் துணி இதில் சேராது. நன்றாகப் பொருந்தும் பழைய குர்தா ஒன்றைத் தாளின் மேல் விரித்து ஓரம் வரைந்துகொள்வது நல்ல தொடக்கம். பிறகு நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன், மலிவான காடாத் துணியில் ஒரு முறை வெட்டி, கச்சாத் தையல் போட்டு அணிந்து பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது மட்டும் போதாது. உட்கார வேண்டும், குனிய வேண்டும், முதுகிலிருந்து வாளை உருவுவது போல வலது கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அப்போது அங்கியின் ஒரு பக்கம் முழுவதும் மேலேறி, இடுப்புப் பட்டைக்கு மேல் பொம்மிக்கொண்டு நின்றால், குறை கக்கத்தில் இருக்கிறது. அங்கே கையும் உடலும் சேரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் கை தாராளமாக உயரும், அங்கியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆட்டத்தின் படத்தில் இந்தத் துண்டு இருக்காது. கையைக் கீழே விட்டால் வெளியேயும் தெரியாது.

விலை உயர்ந்த மெஷின் வேண்டும் என்பதும் தவறு. லிங்க்கின் அங்கியைக் காலால் மிதிக்கும் பழைய மெஷினிலேயே தைத்து முடிக்கலாம். நேர்த்தையல் போதும், ஓரங்களை மடித்தடித்தால் ஓவர்லாக்கும் தேவையில்லை. உடலோடு ஒட்டிய லைக்ரா உடைகளில்தான் இந்த விதி மாறுகிறது. துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது. அதனால் அணியும்போதே நூல் படபடவென்று அறுந்துவிடும். அத்தகைய துணிக்கு ஜிக்ஜாக் தையலும் முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசியும் வேண்டும். கூர்முனை ஊசி பின்னல் இழையை அறுத்து ஓட்டை போட்டுவிடும்.

பளபளக்கும் சாட்டின்தான் ஆட்டத்தின் தோற்றத்தைக் கொண்டுவரும் என்று நம்பி வாங்குபவர்கள் பலர். திரையில் ஒளி எங்கே விழ வேண்டும் என்பதை ஓவியர்கள் தீர்மானிக்கிறார்கள். கேமராவின் ஃபிளாஷ் அப்படிக் கேட்டு விழுவதில்லை. சாட்டின் அதை அப்படியே திருப்பி அடித்து, ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். ஊர் ஊராகச் சுற்றி மலையேறும் ஒரு வீரனின் உடைக்குக் கனமான பருத்தித் துணியே பொருந்தும். அதை வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்து உலர்த்த வேண்டும், ஏனென்றால் பருத்தி முதல் அலசலில் சுருங்கும்.

சரியான நீலம் கடையில் கிடைக்காதபோது சாயம் போடுவது நல்ல வழிதான். ஆனால் எந்தச் சாயமும் எந்தத் துணியிலும் பிடிக்கும் என்பது தவறு. பருத்திச் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தையல் நூலும் பாலியஸ்டர்தான். வெள்ளை நூலால் தைத்து முடித்த பருத்தி அங்கியைச் சாயத்தில் முக்கி எடுத்தால், துணி நீலமாகவும் தையல்கள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகவும் வெளியே வரும். சாயத்தை முதலில் முடித்துவிட்டு, அதே நிறத்தில் நூல் வாங்குவது மேல். மார்பின் நூல்வேலைக்கும் வரிசை முக்கியம். முன்பக்கத் துண்டைப் பின்பக்கத்தோடு மூட்டும் முன்பே, அடியில் மெல்லிய கேன்வாஸ் வைத்து, தடித்த வெள்ளை நூலால் சங்கிலித் தையல் போட்டால் துணி இழுத்துக்கொள்ளாது.

வாளும் கேடயமும் உலோகத்தில் இருந்தால்தான் உண்மையாகத் தோன்றும் என்பது அபாயமான நம்பிக்கை. பொது நிகழ்ச்சிகள் பலவற்றில் உலோக வாளுக்கு அனுமதி இல்லை; நாள் முழுவதும் அதைச் சுமக்கவும் முடியாது. இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஈ.வி.ஏ. ஃபோம், அதாவது குழந்தைகள் விளையாடும் அறையில் துண்டு துண்டாகக் கோத்து விரிக்கும் பாயின் பொருள். 10 மி.மீ. கனமுள்ள ஃபோமைக் கத்தியால் சாய்வாகச் சீவினால் வாளின் விளிம்பு கிடைக்கும். ஹீட் கன் காட்டினால் ஃபோம் இளகி, வளைத்த வடிவத்தில் ஆறி நிற்கும். மேற்பரப்பின் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். வெள்ளை மரப்பசை இதன் மூட்டுகளைத் தாங்காது. செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். மரப்பசைக்கும் இங்கே இடமுண்டு: நீர்க்கச் செய்து சில பூச்சு பூசினால், மேலே அடிக்கும் அக்ரிலிக் வண்ணத்தை ஃபோம் உறிஞ்சாது.

துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் தீங்கானது. துணி முகக்கவசம் ரப்பர் பசையின் ஆவியையும் சூடான ஃபோமின் புகையையும் தடுக்காது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். காற்றோட்டமான இடமும் வேண்டும். மாடியோ வாசலோ போதும், மூடிய அறை கூடாது. சமையல் அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் அருகில் இந்தப் பசையைத் திறக்கவே கூடாது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். ஃபோமைத் தேய்க்கும்போது கிளம்பும் தூளுக்கு, தூசி வடிகட்டும் கவசமும் கண்ணாடியும் தேவை.

இந்தக் கலை முழுக்க ஜப்பானில் பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. ‘காஸ்பிளே’ என்ற பெயர் 1980-களில் ஜப்பானில் உருவானது உண்மை. ஆனால் 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் தனக்கும் தன் தோழர் ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் எதிர்கால மனிதரின் உடைகளைத் தைத்து, இருவரும் அணிந்து சென்றார்கள்.

முடித்த உடையைத் துவைக்க முடியாது என்பதும் சரியல்ல. பட்டைகளையும் கவசத் துண்டுகளையும் அழுத்து பட்டன், வெல்க்ரோ கொண்டு கழற்றும்படி அமைத்தால், அங்கியைத் தனியே எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். ஃபோம் துண்டுகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அவற்றை வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவைக்கக் கூடாது: சூட்டில் வளைத்த வாள், அந்தச் சூட்டிலேயே மீண்டும் வளைந்துவிடும்.