பழுதான கேமரா: சரிசெய்வதா, மாற்றுவதா?



ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நம் பகுதியில் பல வீட்டு அலமாரிகளில் ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா உறங்கிக் கிடக்கிறது. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர் கொண்டுவந்ததாக இருக்கும். அல்லது ஒரு நிக்காஹ்வுக்காக வாங்கியதாக இருக்கும். இப்போது பிள்ளைகள் அவற்றை மீண்டும் வெளியே எடுக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் லென்ஸ் நகரவில்லை, திரை கருப்பாக இருக்கிறது, பேட்டரி நிற்கவில்லை. "பழுது பார்க்கலாமா, வேறு வாங்கலாமா?" என்று எங்களிடம் சிலர் கேட்டதால் இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம். இதே முறை செல்பேசி, மிக்ஸி, தையல் இயந்திரம் அனைத்துக்கும் பொருந்தும்.

மார்க்கத்தின் அளவுகோல்

வீண் விரயத்தைத் திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்களில் கடுமையாகத் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தோலும் காலணியுமே பிழைப்பாக உள்ள நம் ஊருக்கு அந்தச் செய்தியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தைத்தால் உழைக்கும் பொருளைத் தூக்கி எறியக் கூடாது.

ஆனால் விரயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தேறாத பொருளின் மேல் திரும்பத் திரும்பப் பணம் போடுவதும் விரயமே. எனவே "சரிசெய்வது நல்லது, புதிது வாங்குவது கெட்டது" என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய முடியாது. கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் படங்கள், பிறகுதான் கேமரா

கேமரா கெட்டால் வேறு வாங்கிவிடலாம். மவ்த்தான தந்தையின் படம் போனால் எங்கே வாங்குவது? ஆகவே முதல் வேலையாக மெமரி கார்டைக் கழற்றி, அதில் உள்ளவற்றைக் கணினியிலும் வேறொரு பென் டிரைவிலுமாக இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். பல சிறிய கேமராக்களில் கார்டு இல்லாமலே சில படங்களைச் சேமிக்கும் உள்நினைவகமும் உண்டு. கேமரா இயங்கினால் அதையும் பாருங்கள்.

தவறுதலாகப் படங்கள் அழிந்திருந்தால் அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்தபோது பெரும்பாலும் படங்களின் அட்டவணை மட்டுமே நீங்குகிறது. படத்தின் தரவு அங்கேயே இருக்கும். புதுப் படம் அதன்மேல் எழுதப்படாத வரை மென்பொருள் கொண்டு மீட்க வாய்ப்பு உண்டு.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் மீட்க முடிந்ததைப் பிறரும் மீட்க முடியும். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள கார்டோடு கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டே கொடுங்கள். பழைய கேமராவை விற்றாலும் யாருக்கேனும் கொடுத்தாலும் கார்டு நம்மிடமே இருக்கட்டும்.

பழுது போலத் தோன்றும், பழுது அல்லாதவை

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை நான்கு.

1. பேட்டரி. பென்சில் செல் போடும் கேமராவில் மலிவான செல்கள் சில படங்களிலேயே தீர்ந்துவிடும். கேமரா இழுக்கும் மின்சாரத்துக்கு அவை ஈடுகொடுப்பதில்லை. திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போட்டுப் பாருங்கள். தனி லித்தியம் பேட்டரி உள்ள கேமராவில் அந்தப் பேட்டரி உப்பியிருந்தால் பயன்படுத்தவே கூடாது.

2. உலோகத் தொடுமுனைகள். பேட்டரி தொடும் இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டுப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள்.

3. கார்டின் அளவு. பழைய கேமராக்கள் பல, 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்.டி. கார்டை மட்டுமே படிக்கும். அதற்குப் பின் வந்தவை 32 ஜிபி வரை ஏற்கும். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா கெட்டுவிட்டது என்று எண்ணுபவர்கள் உண்டு.

4. கார்டின் பூட்டு. கார்டின் ஓரத்தில் உள்ள சிறு தள்ளுபொத்தான் பூட்டு நிலையில் இருந்தால் படம் பதியாது.

இவை எதுவுமே இல்லையென்றால் அது உண்மையான பழுது. சிறிய கேமராக்களில் அடிக்கடி கெடுவது உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ்தான். மணல் புகுந்தாலோ, பைக்குள் தானாக ஆன் ஆகி அழுந்தினாலோ அதன் சிறு பற்சக்கரம் சிக்கிக்கொள்ளும். அதைக் கையால் இழுக்காதீர்கள். கேமராவை வீட்டில் திறக்கவும் வேண்டாம். பிளாஷ் விளக்குக்காக உள்ளே உள்ள கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது கடுமையாக அதிர்ச்சி தரும்.

தவறு யாருடையது?

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. 2005 அக்டோபரில் ஒரு செய்தி வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன் சோனி தயாரித்த ஒரு வகைப் பட சென்சார்கள், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் உள்ளிணைப்பு விட்டுப்போய், படம் சிதைந்தும் கருப்பாகியும் வந்தன. அதே சென்சார்களை வாங்கிப் பொருத்தியிருந்த கேனான், நிக்கான், ஃபியூஜிஃபிலிம், கோனிகா மினோல்டா முதலிய நிறுவனங்கள், பாதிக்கப்பட்ட மாடல்களை வாரண்டி முடிந்த பின்னும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தன. அறிந்தவர்கள் பயனடைந்தார்கள். ஆகவே மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, நிறுவனம் ஏதேனும் அறிவிப்பு வெளியிட்டுள்ளதா என்று முதலில் தேடுங்கள்.

அதே கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலை விட்டது. கோடாக் நிறுவனமும் 2012இல் டிஜிட்டல் கேமராக்களை நிறுத்துவதாக அறிவித்தது. இப்படி நின்றுபோன மாடல்களுக்குப் புது உதிரிபாகம் கிடைப்பது அரிது. இன்னொரு கேமராவிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும்.

வாரண்டி உள்ள பொருளுக்குக் கடைக்காரர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

கணக்குப் பார்ப்பது எப்படி?

நாங்கள் கடைப்பிடிக்கும் வழி எளியது. அதே நிலையில், ஓடுகிற இன்னொரு கேமரா என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரியுங்கள். பழுதுபார்க்கும் செலவு அதில் பாதிக்குள் இருந்தால் சரிசெய்யலாம். பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். சென்சாரோ மெயின் போர்டோ போயிருந்தால் பெரும்பாலும் மாற்றுவதே மேல்.

அதற்கும் முன் ஒரு கேள்வி: கேமரா உண்மையிலேயே தேவையா? கையில் உள்ள செல்பேசியே போதுமென்றால் சரிசெய்யவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

அறக்கட்டளை அலுவலகக் கேமராவின் லென்ஸ் சிக்கிக்கொண்டபோது இதே கேள்விகளைத்தான் நாங்களும் கேட்டோம். பழுதுக்கு 1,400 ரூபாய் சொன்னார்கள். அதே போன்ற பழைய கேமரா 3,500 ரூபாய். செல்பேசி போதாதா என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேமராவில் எடுக்கப்படுபவை விதவைச் சகோதரிகளின், மாணவர்களின் ஆவணங்கள். உதவி கேட்டு வந்தவரின் காகிதம் ஊழியர் எவருடைய செல்பேசியிலும் தங்கிவிடக் கூடாது, அது அமானிதம். எனவே சரிசெய்தோம்.

செலவைப் பொது நன்கொடையிலிருந்தே எடுத்தோம். ஸகாத் பணம் தகுதியுள்ள ஏழையின் கையில் உரிமையாகச் சேர வேண்டியது. ஹனஃபி சட்டப்படி அதில் அலுவலகத்துக்குக் கேமரா வாங்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது. ஜமாஅத், மதரஸா பொறுப்பாளர்கள் இதைக் கவனத்தில் வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

பழுதுபார்ப்பவரிடம் கேட்க வேண்டியவை

எது பழுது, போடும் பாகம் புதியதா கழற்றியதா, மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம்: இந்த நான்கையும் கேட்டு, கேமராவின் வரிசை எண்ணோடு சீட்டில் எழுதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம்.

மாற்றுவதென்று முடிவானால்

பழையதை விற்கும்போது குறையைச் சொல்லியே விற்க வேண்டும். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், குறையை மறைத்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. தோலைத் தரம் பிரிக்கும்போது வெட்டையும் துளையையும் மறைக்காமல் காட்டுவது நம் தொழிலில் நேர்மை என்றால், கேமராவிலும் அதுவே நேர்மை.

விற்க முடியாததைக் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இத்தகைய கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும். கழிவைக் கண்ட இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாலாறே நமக்குச் சாட்சி. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு, முன்பு நம் பகுதி முழுவதும் அடங்கியிருந்த மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.

பழுது வராமல் காக்க ஒரு வழி நம் ஊரிலேயே கிடைக்கிறது. ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கேமராவோடு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். அவை ஈரத்தை இழுத்து, லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைத் தடுக்கும். பேட்டரியைத் தனியே கழற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

நம்மிடம் உள்ள பொருளும் பணமும் கேள்வி கணக்கு உள்ள அமானிதம். அதைப் பேணி நடக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்