முதலில் வருபவரின் செலவு



அமெரிக்காவில் நச்சுப்பொருள் ஏற்றிய லாரி நெடுஞ்சாலையில் கவிழ்ந்தாலும், கைவிடப்பட்ட பீப்பாய்களிலிருந்து ரசாயனம் கசிந்தாலும், அவ்விடத்துக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அருகிலுள்ள ஊரின் தீயணைப்புப் படையே. அத்தகைய படைகள் பலவும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களால் சிறு நிதியில் நடப்பவை என்பதால், ஒரே இரவின் செலவு ஒரு சிற்றூரின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையே குலைத்துவிடக்கூடும்.

இச்செலவை ஈடுசெய்யும் வழி ஒரு பழைய பேரழிவிலிருந்து தொடங்குகிறது. நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கால்வாய்ப் பகுதியில் புதைக்கப்பட்டிருந்த ரசாயனக் கழிவுகள் 1978-இல் குடும்பங்களை வெளியேற்றியதன் பின்விளைவாக, 1980-இல் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் பிறந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையோடு, தொடக்கத்தில் பெட்ரோலிய, ரசாயனத் தொழில்கள் மீதான வரியால் நிரப்பப்பட்ட பொது நிதி ஒன்றையும் அது உருவாக்கியது. உள்ளாட்சிகளின் அவசரச் செலவை அந்நிதியிலிருந்து ஈடுசெய்ய வழிவகுக்கும் 123-ஆம் பிரிவோ 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது.

அப்பிரிவின்படி கவுண்டி, நகராட்சி, டவுன்ஷிப், கூட்டாட்சி அங்கீகாரம் பெற்ற பழங்குடி அரசு ஆகியவை ஒரு நிகழ்வுக்கு அதிகபட்சம் 25,000 டாலர் வரை கோரலாம். மாநில அரசுகள் கோர இயலாது. நச்சுத் தடுப்பில் பயன்படுத்தித் தீர்ந்த பொருள்கள், வாடகைக் கருவிகள், மிகைநேர ஊதியம், ஆய்வகக் கட்டணம் ஆகியவை ஏற்கப்படும்; ஊழியரின் வழக்கமான சம்பளம் ஏற்கப்படாது. ஊர் எப்படியும் செலவிட்டிருக்கும் பணத்துக்குக் கூட்டாட்சி நிதி மாற்றாகிவிடக் கூடாது என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். மேலும், மாசுக்குப் பொறுப்பானவர், காப்பீட்டு நிறுவனம், மாநில அரசு ஆகியோரிடம் முதலில் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே இது கடைசிக் கதவாகவே அமைக்கப்பட்டிருக்கிறது.

விதிகளுள் விசித்திரமானது பெட்ரோலிய விலக்கு. அதே சாலையில், அதே வீரர்கள், அதே இரவில் உழைத்தாலும், சிந்தியது வெறும் டீசல் எனில் இச்சட்டம் அதை நச்சுப்பொருளாகக் கொள்ளாது. எண்ணெய் நீர்வழிகளில் கலக்கும்போது அல்லது கலக்கும் அபாயம் இருக்கும்போது, 1990-ஆம் ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டத்தின் தனி நிதியையே நாட வேண்டும். தொழில்துறையின் செல்வாக்கு சட்டத்தின் சொல்லாட்சியில் படிந்திருப்பதை இவ்விலக்கில் காணாதிருப்பது கடினம்.

உச்சவரம்போ இன்னும் வெளிப்படையான குறை: 1986-இல் நிர்ணயித்த தொகை விலைவாசி பன்மடங்கு ஏறியபின்னும் சட்டத்தில் உயர்த்தப்படவில்லை என்பதால், ஒரு விபத்தின் செலவில் அன்று தாங்கியதைவிடக் குறைந்த பங்கையே இவ்வுதவி இன்று தாங்குகிறது; எஞ்சியதை அவ்வூரின் வரிசெலுத்துவோரே ஏற்கின்றனர்.