உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் வாலாஜாபாத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு கார் கம்பெனி வரும். ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து தொடங்கிய ஆலை, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், செங்கல்பட்டு போகிற வழியில் மகிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கதவுக் கைப்பிடிக்காக மாதக்கணக்கில் அலைகிற ஆள் நான்.

என்னிடம் இருப்பது சான் ஸ்டார்ம். பெயரைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். 1990-களின் கடைசியில் கோவாவில் சான் மோட்டார்ஸ் செய்ய ஆரம்பித்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். மேலே துணிக் கூரை, பாடி முழுக்க ஃபைபர், உள்ளே ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத் திறன். இன்றைக்கு ஷோரூமில் நிற்கிற சாதாரண ஹேட்ச்பேக் இதை ஓவர்டேக் செய்துவிட்டுப் போகும். ஆனால் விடியற்காலையில் கூரையைத் திறந்துவிட்டுப் பாலாற்றுப் பாலத்தில் போகிற சுகத்தை அந்த ஹேட்ச்பேக்காரருக்கு என்னால் புரியவைக்க முடியாது. முயற்சி செய்வதையும் விட்டுவிட்டேன்.

தயாரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சமாகச் செய்து நின்றுபோன எந்த வண்டிக்கும் இதே கதைதான். அது ரோட்டில் ஓடுவதை முடிவு செய்வது எஞ்சின் அல்ல. பத்து ரூபாய் சாமான்.

“எஞ்சின் ரெனோ, ஆலை பக்கத்து ஊரில், அப்புறம் என்ன கவலை?” என்று கேட்பார்கள். இந்த எஞ்சின் ஐரோப்பாவில் ட்விங்கோ, க்ளியோ கார்களில் வந்தது. அந்த இரண்டும் இங்கே ஷோரூமுக்கே வரவில்லை. ஒரகடத்து வாசலில் போய் நின்றால் வாட்ச்மேன்கூட மதிக்கமாட்டார். ஆனால் ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் ஓடிய எஞ்சின் என்பதால் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கேஸ்கெட் எல்லாம் அங்கே இன்னும் சல்லிசாகக் கிடைக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ இருந்து வருகிற சொந்தக்காரரின் பெட்டியில் ஒரு மூலை போதும். எதையும் இரண்டாக வாங்கி வையுங்கள். அடுத்த தடவை அவர் வருவதற்குள் பெல்ட்டுக்கு வயதாகிவிடும்.

அபூர்வ வண்டி வைத்திருப்பவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, எந்தப் பாகம் யாருடையது என்பதை. சின்னக் கம்பெனி எதுவும் விளக்குக்கும் கைப்பிடிக்கும் தனியாக அச்சு செய்யாது, கட்டுப்படியாகாது. லோட்டஸ் எஸ்ப்ரிட் எத்தனை பெரிய பெயர்! அதன் கதவுக் கைப்பிடி மோரிஸ் மரீனா என்ற சாதாரண குடும்பக் காருடையது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7-ன் பின் விளக்கு மாஸ்டா 323-லிருந்து வந்தது. இது தெரிந்தவர் மாஸ்டா விலையில் வாங்குவார், தெரியாதவர் ஆஸ்டன் மார்ட்டின் விலையில் வாங்குவார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு எண்ணோ முத்திரையோ இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சென்னைப் புதுப்பேட்டையின் காயலான் கடைகளுக்குப் போங்கள். அங்கே வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் “இல்ல சார்” என்று முடித்துவிடுவார்கள். பொருளைக் காட்டினால் உள்ளே போய்த் தேடுவார்கள்.

பேரிங்கும் ஆயில் சீலும் இன்னும் சுலபம். அவற்றுக்கு வண்டிப் பெயரே வேண்டாம். 6205 என்று பேரிங்கில் போட்டிருந்தால் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவுதான். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வந்துவிடும் என்ற சூத்திரத்தை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். (04-லிருந்து மேலே போகிற எண்களுக்குத்தான் இது பொருந்தும்.) ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை நம்புவதைவிட அதை நம்பலாம்.

யாருடையது என்றே தெரியாத பாகம் உடைந்தால்தான் சங்கடம். கண்ணாடி ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டரில் ஒரு நைலான் உருளை. தெறித்துப் போனது. கண்ணாடி கதவுக்குள் விழுந்து, மழைக்கு நான் பிளாஸ்டிக் கவரை ஒட்டிக்கொண்டு திரிந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் பட்டுத்தறி நெய்கிறவர், திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னா தம்பி, கடையில கெடைக்கலியா?”

“எங்கயும் இல்லண்ணே.”

“தறிக்கு எந்தக் கடையில சாமான் வாங்குறோம்? ஒடஞ்சத எடுத்துனு போயி ஆசாரிகிட்ட குடுப்போம், அதே மாதிரி செஞ்சுடுவாரு. நீ ஒடஞ்சத வச்சிருக்கியா, கடாசிட்டியா?”

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. கதவின் உட்பக்கத்தைப் பிரித்துத் துண்டுகளைப் பொறுக்கினேன். ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, காஞ்சிபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். நைலான் ராடில் கடைந்து கொடுத்தார்கள். கூடவே நாலு சேர்த்துக் கடையச் சொன்னேன்; கூலி பெரிதாகக் கூடவில்லை. லேத்காரருக்கு வேண்டியது சாம்பிள். அது பாதியாக இருந்தாலும் போதும், இல்லாமல்தான் முடியாது. கதவு ரப்பரும் அப்படித்தான்: ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனால், பஸ் பாடி கட்டுகிற இடங்களுக்கு ரப்பர் பீடிங் விற்கிற கடையில் அதே வடிவத்தில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

ஃபைபர் பாடிக்கு வருவோம். இதை டிங்கரிடம் விடாதீர்கள். அவர் தகரத்தைத் தட்டிப் பழகிய கை. விரிசல் மேல் பட்டி தடவிப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் கோடு எட்டிப் பார்க்கும். எனக்குச் சரியான ஆள் கிடைத்தது கோவளம் பக்கம், ஃபைபர் படகு பழுது பார்க்கிறவர். விரிசலை மூடுவதற்குப் பதிலாக அதை இன்னும் பெரிதாக்கினார், கிரைண்டரால் வி வடிவத்தில். பின்பக்கத்திலிருந்து கண்ணாடி நார் மேட்டை வைத்து, ஹார்டனர் கலந்த ரெசினைப் பூசி, சின்ன உருளையால் காற்றுக் குமிழ் ஒவ்வொன்றையும் ஓரத்துக்குத் தள்ளினார். அது காய்வதற்குள் அடுத்த அடுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாதாம். அலை அடித்துத் தாங்குகிற படகைச் செய்கிறவருக்கு என் பானெட் எம்மாத்திரம்!

இந்தக் கை நம் ஊரில் புதிதும் அல்ல. கோவை கரிவரதன் 1980-களிலேயே மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பந்தயம் நடக்கிற நாளில் பிட் பக்கம் சுற்றி வந்தால், ஃபைபரும் வெல்டிங்கும் தெரிந்த பையன்களைப் பார்க்கலாம். ரேஸை அப்புறம் பாருங்கள், முதலில் போன் நம்பர் வாங்குங்கள்.

ஃபைபரில் ஒளிந்திருக்கிற இன்னொரு வம்பு எர்த். இரும்பு பாடியாக இருந்தால் கரண்ட் திரும்பிப் போக பாடியே வழி. ஃபைபரில் கரண்ட் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து ஓரிடத்தில் போல்ட் போட்டிருப்பார்கள். அந்த போல்ட் துருப்பிடித்தால் வண்டிக்குப் பேய் பிடிக்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும், ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். எலெக்ட்ரீஷியன் பல்பு, ரிலே, ஸ்விட்ச் என்று வரிசையாக மாற்றி பில் போடுவார். அவரைக் கூப்பிடும் முன் எர்த் போல்ட்டுகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸ்லைன் தடவி மாட்டுங்கள். பாதிப் பேய் ஓடிவிடும்.

காகித விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே எரிச்சல் வருகிறது. 15 வருடம் முடிந்தால் ஐந்தைந்து வருடமாக ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 20 வயதைத் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். விண்டேஜ் என்ற மரியாதை வேண்டுமென்றால் 50 வயது ஆக வேண்டும். நடுவில் உள்ள காலம் நம் தலையெழுத்து. இன்சூரன்ஸில் ஐந்து வயது தாண்டிய வண்டியின் மதிப்பு பேசி முடிவு செய்வதுதான். ஆகவே பிரீமியம் கட்டும் முன் பேசுங்கள், இடித்த பிறகு பேசிப் பலனில்லை. ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

ரோட்டில் பயப்பட வேண்டியது டிப்பர் லாரிக்கு. அந்த டிரைவரின் கண்ணுக்கு நம் வண்டி தெரியவே தெரியாது. ஒரகடம் ரோட்டில் அவர்களுக்குப் பக்கவாட்டில் தங்காதீர்கள். முந்துங்கள், அல்லது பின்தங்குங்கள். சிக்னலில் “மைலேஜ் எவ்ளோண்ணே?” என்று கேட்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு நம்பர் சொல்லிவிடுங்கள், உண்மையைச் சொன்னால் பச்சை விழுந்த பிறகும் விடமாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறேன் என்பவர், பெயின்ட் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பழைய ஓனரிடம், கழற்றிப் போட்ட சாமான்கள் எங்கே என்று கேளுங்கள். “எல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சு” என்றால் அங்கேயே விலையைக் குறையுங்கள். கொல்லைப்புறத்திலிருந்து துருவும் கிரீஸுமாக ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பேரம் பேசாதீர்கள். அவர் மனசு மாறுவதற்குள் முதலில் மூட்டையை ஏற்றுங்கள்.